தனிக் கோப்பை

அலாஸ்காவின் இந்த ஏரி கடலோடு உறவறுத்து
முப்பது கோடைதான் ஆகிறது.
முள்முதுகு மீன்களின் விலாத்தகடுகளை
எண்ணுவது என் வேலை.
கடலில் பிடித்தவற்றுக்குப் பக்கத்துக்கு முப்பத்து மூன்று.
இங்கே ஏழு. சிலதுக்கு ஆறு.
நேற்று ஒன்றுக்கு ஐந்து;
மூன்று முறை எண்ணிவிட்டு
லென்ஸைத் துடைத்து வைத்தேன்.

படகு வாடகைக்கு விடும் சவாத்தி
தாடியில் மரத்தூளோடு எட்டிப் பார்க்கிறார்.
"சட்டை உரித்தாலும் மீன் மீன்தானே?
எறும்பு ஊரக் கல் தேயும், ஒத்துக்கொள்கிறேன்.
கல் எறும்பாகுமா?"
சின்ன மாற்றம் வேறாம், பெரிய மாற்றம் வேறாம்,
நடுவே கர்த்தர் வேலி போட்டிருக்கிறாராம்.
அந்த வேலி கிடைத்தால் நல்லதுதான்.
இடுப்பளவுத் தண்ணீரில்
எலும்பைக் கடிக்கிறது குளிர்,
பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கலாம்.

ஞாயிறு மாலை அவர் வீட்டில் தேநீர்.
வெளியாருக்கென்று ஒதுக்கிய கோப்பை எனக்கு,
கீறல் விழுந்த நீலப் பூ.
இரண்டு விரல் நீட்டிச் சிலுவையிட்டுக்கொண்டார்.
மூன்று விரல் சேர்ப்பவர்களோடு
முன்னூற்றைம்பது ஆண்டாக
கொள்வினை இல்லை, கொடுப்பினை இல்லை.
இயேசுவின் பெயரில் ஓர் எழுத்து கூடியதற்கு
எரிந்து செத்தவர்கள் இவருடைய ஆட்கள்.
சைபீரியா, மஞ்சூரியா, பிரேசில், ஓரிகன்,
பிறகு இந்தக் கரை.
இங்கும், பாதிரியார் வேண்டும் வேண்டாமென்று
ஊர் இரண்டாய்ப் போனது அவர் கண்ணெதிரே.
மகள் உலித்தா அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள்.
அதே கம்பு ரொட்டி, அதே பூட்டனின் மூக்கு.
ஒரே தட்டில் கை வைப்பதில்லை.

"எந்த நாளிலிருந்து இரண்டு ஊர்?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"நாளா..." என்று தொடங்கியவர்
சமோவாருக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.
வர நேரமாயிற்று.
என் கோப்பையை அவரே கழுவி
அதன் தனி அலமாரியில் கவிழ்த்தார்.

திங்கட்கிழமை, கேட்காமலே
கூடாரத்துக்குள் வந்து குனிந்து
லென்ஸில் கண்ணை வைத்தார்.
அந்த ஐந்து தகட்டு மீன்.
வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது.
"ஐந்து இல்லை.
வால்பக்கம் ஒரு துணுக்கு இருக்கிறது,
மணலளவு.
அதைத் தகடு என்பீர்களா, மாட்டீர்களா?"

குறிப்பேட்டில் அந்தக் கட்டம்
இன்னும் நிரப்பப்படவில்லை.