தொப்பூர் இறக்கம்

கட்டமேட்டில் நியூட்ரலில் விட்டால்
இரட்டைப் பாலம் தாண்டியும்
வண்டி தானே உருளும்.
நடைக்கு அரை லிட்டர் மிச்சம்,
மாதம் இருபது நடை,
அந்தக் காசு எனக்கு.
ஒன்பது வருடமாய் ஒன்றும் ஆகவில்லை,
அதையும் வரவில்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று முன்னால் போன ஆம்னியின்
பின்கண்ணாடியில் ஒரு பொடியன்
நாக்கைத் துருத்தினான்.
நானும் துருத்தினேன்.
எப்போது மூன்றாவது கியர் போட்டேனோ தெரியாது.
இருபத்தாறு டன் கிரானைட்டைப் பிடித்துக்கொண்டு
எஞ்சின் முனகியது.

டீக்கடையில் திம்மராயனிடம் சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
"பொடியன் இல்லாத வண்டி வந்தா?" என்றான்,
வடையைப் பிட்டபடி.

இன்று இருட்டு, தூறல்.
முன்னால் ஒரே ஒரு சிவப்பு விளக்கு.
உள்ளே யாரோ.
விளக்கு நாக்கைத் துருத்தாது.

கட்டமேடு வந்துவிட்டது.