பாய்க்குள்ள என்ன

பள்ளிக்கூட வேன்.
ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாடகை குறைவு.
மூன்றாம் வகுப்புக் கால்களுக்குச் செய்த இருக்கைகளில்
முழங்கால் தாடையில் இடிக்க ஒன்பது பேர்.
"வார்ம் அப் இங்கேயே முடிஞ்சிடும்" என்றாள் அஞ்சலாட்சி.
மஞ்சக்குப்பத்தில் ஏறியபோது இருட்டு;
பாகூர் பிரிவு வருவதற்குள்
எங்கள் டீ-ஷர்ட்டின் நிறம் தெரிந்துவிட்டது.
ஆர்டர் கொடுத்தது சந்தன மஞ்சள்.
வந்திருப்பது ஆட்டோ மஞ்சள்.

கலியவரதன் கடைசியாக ஏறியவர்.
சிப்காட்டில் இரவுக் காவல் முடித்து
சீருடைக்கு மேலேயே மஞ்சளை மாட்டிக்கொண்டு.
நாலு வருஷமாகக் கல்யாண மண்டப மாடியில்
பக்கத்துப் பாய் அவருடையது.
சட்டையில் ரசாயன வாடை இருக்கும்.
முதல் வாரம் என் பாயைத் தள்ளிப் போட்டேன்.
அப்புறம் இல்லை.

புதுச்சேரியில் பந்தல் கடலுக்குப் பக்கம்.
இரண்டாயிரம் பேர்.
வரவேற்புரை, வாழ்த்துரை,
வாழ்த்துரைக்கு வாழ்த்துரை.
ஒரு சிறுமி இரண்டு கால்களையும்
தலைக்குப் பின்னால் கொண்டுபோய்
அங்கிருந்தே சபைக்குக் கும்பிடு போட்டாள்.
ஹமீதா பானு தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு எல்லோருக்கும் சவாசனம்.
இரண்டாயிரம் பேர் மல்லாந்ததும்
கடல் கேட்டது.
அதுவரை எங்கே இருந்ததோ.
"வலப்பக்கம் திரும்பி, மெல்ல எழுந்திருங்கள்."
எழுந்தோம்.
கலியவரதன் எழவில்லை.
வாய் லேசாகத் திறந்து
உள்ளங்கை இரண்டும் பந்தலைப் பார்த்து
சின்னதாக ஒரு குறட்டை.

"கடலூர், மஞ்சக்குப்பம் குழு!"
பிரமிடில் அடித்தட்டின் நடு ஆள் அவர்தான்.
தோளைத் தொடக் குனிந்த லூர்துநாதனின் மணிக்கட்டைப்
பெரியநாயகி பிடித்துக்கொண்டாள்.
ஆறு வாரம் பழகியது.
உச்சியில் நிற்கிறவன் நான், நாற்பத்தொன்பது கிலோ.
வேன் டிரைவரிடம் போனைக் கொடுத்து
வீடியோவுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.
"கடலூர், மஞ்சக்குப்பம்!"
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அஞ்சலாட்சி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்,
அவர் முகத்தில் வெயில் விழும் பக்கம் நகர்ந்து
உட்கார்ந்துவிட்டாள்.
மூன்றாம் அழைப்பில் சேலம் மேடை ஏறியது.

ஒன்றரை மணி நேரம்.
சாம்பார் சாதம் தீர்ந்து தயிர் சாதமும் அடியைத் தொட்டிருந்தது.
எழுந்தவர் முதலில் கேட்டது:
"நம்மளக் கூப்பிட்டாங்களா?"
"இல்லண்ணே, லிஸ்ட்ல விட்டுட்டாங்க."
யம நியமங்களை மாடிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.
அகிம்சை முதல் வரி, சத்தியம் இரண்டாவது.
நான் வரிசைப்படிதான் போனேன்.

நிறைவு விழா முடிந்து
முள்ளோடை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ஆல்பேட்டையில் கைகாட்டினார்கள்.
பாண்டியிலிருந்து வருகிற வண்டி,
சுருட்டிய பாய் ஒன்பது.
"பாய்க்குள்ள என்ன?"
"ஒண்ணுமில்ல சார்."
"எல்லாரும் அதான் சொல்றான். விரி."
சாலையோரம் வரிசையாக விரித்தோம்.
மணல்.
ஒரு ஹேர்பின்.
'கூடலூர்' என்று அச்சடித்த பங்கேற்புச் சான்றிதழ்கள்.
லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்.
கடைசிப் பாய் கலியவரதனுடையது.
டார்ச் அடித்து, லத்தியால் ஒரு தட்டுத் தட்டி
போகச் சொன்னார் காவலர்.

அவர் குனிந்து
அதை மெதுவாகச் சுருட்டினார்,
உள்ளே உடைகிற சாமான் இருப்பது போல.
மணி ஆறரை.
எட்டுக்கு அவருக்கு டூட்டி.