மூன்றாவது கம்பி

ஆனி மாதம்.
பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று
கணபதி வரை வந்துவிட்டது.
மரக்கதவு இறுகுகிறது, உப்பு கசிகிறது,
பட்டறைக்கு வெளியே அடுக்கிய பம்ப் பாடிகளில்
துரு பூக்கிறது.
உள்ளறையில் பெட்டிக்குள் என் கிட்டாரின் கழுத்து
யாரும் பார்க்காத ஒரு மயிரிழை வளைகிறது.

நேற்று ராத்திரி சுதி சேர்த்துத்தான் வைத்தேன்.
ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு.
காலையில் எடுத்து ஒரு கார்டு போட்டால்
மூன்றாவது மட்டும்
சண்டை போட்டுவிட்டு ஒரே பஸ்சில் வரும் பங்காளி மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

பகலெல்லாம் லேத்தில் நிற்பவன் நான்.
பம்ப் ஷாஃப்ட் கடைவது.
ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு
கூடலாம், குறையலாம்.
அதற்கு மேல் போனால் பழைய இரும்புக் கடை.
எவ்வளவு தப்பலாம் என்று
டிராயிங்கிலேயே எழுதியிருப்பார்கள்.
கிட்டாருக்கு அப்படியொரு டிராயிங்
இன்னும் என் கைக்கு வரவில்லை.

போதாததற்கு இடதுகைப் பழக்கம் எனக்கு.
வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாய்த் திருப்பி
முனையிலிருந்த எலும்புத் துண்டைப் பெயர்த்து
ஆறு பள்ளமும் நானே அரம் போட்டு வெட்டினேன்.
ஷாஃப்ட் கடையும் இந்தக் கை
மூன்றாவதில் கொஞ்சம் பயந்துவிட்டது.
இன்னும் இரண்டு இழுப்பு இழுக்கலாம்.
அதிகமாகிவிட்டால்
எடுத்த எலும்பை யார் திரும்பத் தருவது?

ஆக, மற்றதெல்லாம் செய்து பார்த்தேன்.
புதுக் கம்பி மாட்டி, தூக்கித் தூக்கி இழுத்து
அதன் சோம்பலை எடுத்தேன்.
சாவியில் சுற்றின்மேல் சுற்று ஏறாமல் சுற்றினேன்.
சுதி கூடிப்போனால் அப்படியே இறக்காமல்
நன்றாகக் கீழே விட்டு மறுபடி ஏற்றினேன்.
ஏறி வந்து நின்றது நிற்கும்;
இறங்கி வந்து நின்றது இன்னும் கொஞ்சம் இறங்கும்.
ஆனாலும் சாவி திருப்பும்போதெல்லாம்
பள்ளத்தில் டிக் என்று ஒரு சத்தம்.
கம்பி மாட்டிக்கொண்டு, பிறகு தாவுகிறது.

டிரம்ஸ் வாசிக்கும் ஜெனிட்டாவின் மகளிடம்
பென்சில் வாங்கிக் கரியைப் பள்ளத்தில் தேய்த்தேன்.
"கிட்டாருக்கு எதுக்கு மாமா பென்சிலு?"
"வழுக்கோணுமல்ல சாமி."
"எங்க மிஸ் வழுக்குனா ரப்பர் வெச்சு அழிக்கச் சொல்லுவாங்க."

அன்னூரில் ஒரு கல்யாண வரவேற்பு.
மேடைக்குப் பின்னால் ஏசி, முன்னால் சூடு விளக்கு,
நடுவில் நான்.
நாலாவது பாட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது.
அந்த உறுமலோடு உறுமலாக
கம்பியை வளைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்,
விட்டேன்.
அது வந்த இடத்துக்கு வரவில்லை.
சுவாசம் அளவுக்குக் கீழே நின்றுவிட்டது.

பாட்டு நிற்காது. கீபோர்டு இறங்கி வராது.
மனோன்மணி சரணத்துக்குள் போய்விட்டாள்.
அந்தக் கம்பியைத் தொட்ட இடமெல்லாம்
ஒரு பொட்டு பக்கவாட்டில் தள்ளியே பிடித்தேன்.
ஒவ்வொரு சுரத்தையும் கைத்தாங்கலாய்க்
கூட்டிக்கொண்டு போவதுபோல்.
விளக்கு இல்லை, முள் இல்லை,
காதுக்கும் விரலுக்கும் நடுவில் மட்டும்
பதினோரு பாட்டு.

பெண்ணின் பெரியப்பா வந்து கை கொடுத்தார்.
"சோக்கா இருந்துதுங் தம்பி.
சத்தந்தான் கொஞ்சம் கம்மி."

கடைசிப் பந்தியில் ஜெனிட்டா பக்கத்து இலை.
"மூணாவது எறங்கிருச்சில்ல?"
"கேட்டுச்சா?"
"கேக்கல. பின்னாடி இருந்து பாத்தேன்.
உன் வலது தோளு எறங்கவே இல்ல."

என்ன சொல்ல என்று தெரியாமல்
ரசத்தைக் கையில் வாங்கினேன்.
கம்பி போட்ட கோட்டில்
சுள்ளென்று ஏறியது மிளகு.