நீல நாடா

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில்
புதுச் சிறையின் ஓர் அறையை
ஒட்டச் சொன்னார்கள் என்னிடம்.

நீல ஒட்டுநாடா, நான்கு சுருள்.
ஏழடி அகலம், பத்தடி நீளம்.
ஃபார்கோவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்
மரீட் டால்கார்ட்
முழங்காலிட்டு அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்தாள்.
நான் பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டே போனேன்.
இருபத்தோரு வருடமாக இந்தத் தளத்தைத் துடைக்கிறவன்,
பசை எங்கே விடாப்பிடியாக நிற்கும் என்று
எனக்குத்தான் தெரியும்.

இங்கே கட்டில், என்றாள்.
இங்கே கழிவறைக் கோப்பை.
இங்கே ஜன்னல்: அகலம் ஐந்து அங்குலம்.
ஒரு சாண்கூட இல்லை.
ஏன் அவ்வளவுதான், என்றேன்.
தலை நுழையாது, என்றாள்.
வானம் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டாள்,
அவசரமாக.

ஏழு மணிக்கு ஊர் வந்தது.
காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு
மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தது.
கமிஷனர் எல்ட்ரெட் ஷ்வாப்
அறுபத்து நான்கு படுக்கை என்றார்.
இப்போது இருப்பது பதினெட்டு.
2050 வரைக்கும் கணக்குப் போட்டாயிற்று என்று
திரையில் ஏறிப்போகும் ஒரு கோட்டைக் காட்டினார்.
முன்வரிசையில்
ட்ரூடி வெய்ஸ்ஹாரின் மடியில்
மூன்று மாதக் குழந்தை கொட்டாவி விட்டது.

வரி எவ்வளவு ஏறும் என்று கேட்டார்கள்.
சர்க்கரைக்கிழங்கு விலை விழுந்த வருடத்திலா
இதெல்லாம் என்று கேட்டார்கள்.
சமையலறை ஏன் இத்தனை பெரிது,
தேவாலயத்துச் சமையலறையைவிடப் பெரிதாக?
பழைய சிறையில் சாக்கடை பொங்கும்போதெல்லாம்
கைதிகளைப் பக்கத்துக் கவுன்ட்டிக்கு ஏற்றிப்போகும்
டீசல் செலவை ஷெரீஃப் வாசித்தார்,
காசுவரை.
எல்லாம் நியாயமான பேச்சு.

பிறகு அறையைப் பார்க்க வரிசையில் வந்தார்கள்.
வெறும் நாடாதான் சுவர்,
ஆனாலும் ஒருவர்கூட அதைத் தாண்டி நுழையவில்லை.
கதவுக்கு விட்ட இடைவெளி வழியாகவே போய்
அதன் வழியாகவே திரும்பினார்கள்.
வங்கி மேலாளர் உள்ளே நின்று கைகளை விரித்துப் பார்த்தார்.
போதும் போலிருக்கே, என்றார்.
அவருக்குப் போதும்தான்.
பதினைந்து நொடி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
துடைப்பத்தோடு சுவரோரம் நிற்கிறவனை
யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்கும்படி நிற்கவில்லை.

எல்லோரும் போனபின் விளக்குகளை அணைத்தேன்,
வாசல் விளக்கு ஒன்றைத் தவிர.
அதையே தாழ்வார விளக்கென்று வைத்துக்கொண்டு
நாடாக் கதவில் நின்று பார்த்தேன்.
ஒளி நேராகப் போய் விழுந்தது
தலையணை இருக்கவேண்டிய இடத்தில்.

எண்பத்தொன்பதில், ஜனவரியில், பழைய சிறையில்
பதினோரு இரவு.
அந்த விளக்கை அணைக்கவே மாட்டார்கள்.
சட்டையைக் கழற்றி முகத்தில் போட்டால் குளிர்,
போட்டுக்கொண்டால் வெளிச்சம்.
எது பரவாயில்லை என்றுதான்
இரவெல்லாம் யோசித்துக் கிடந்தேன்,
செய்த குற்றத்தை அல்ல.

கட்டிலை உரித்தேன்.
எதிர்ச்சுவரில் ஒட்டினேன்.

காலையில் மரீட் வந்தாள், கையில் காபியோடு.
வெகுநேரம் நின்றாள்.
கட்டில் கிடந்த இடத்தில்
பசையின் மங்கலான விளிம்பு.
என் சாவிக்கொத்தைப் பார்த்தாள்.
எத்தனை இரவு, என்றாள்.
பதினொன்று.
பென்சிலை எடுத்தாள்,
எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை.
தலை எந்தப் பக்கம், என்றாள் மறுபடி,
காட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் இருந்தது.
நாடா முழுவதும் வந்துவிட்டது,
இரண்டு மூலையில் மட்டும் பசை போகவில்லை,
மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை.
நம் பக்கத்துப் பையன் ஒருவன்
பந்தைத் தட்டிக்கொண்டே
அந்த ஏழடியை இரண்டே எட்டில் கடந்தான்.
அவன் ஷூ மட்டும் ஒரு கணம்
தரையில் பிடித்து
விட்டது.