சிவப்பு மூடி

விடிகாலை மூன்றரை.
வர்க்கி மாவு எழும்பும் நேரம்
எனக்கு ஊசி நேரம்.
அடுப்பின் வாயோரம் நின்றால்தான்
கோத்தகிரிக் குளிரில் சட்டையைத் தூக்க முடியும்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
இருபத்திரண்டு யூனிட்.
ஊருக்கு வர்க்கி, எனக்குக் கேழ்வரகு.

போட்டதும் சிவப்பு மூடியை மாட்டுவேன்.
ஒரே ஊசியை மூன்று நாள் ஓட்டிவிட்டு
பில் தாளில் சுருட்டுவேன்.
முட்டை ஓடு, டால்டா கவர்,
தட்டில் சுரண்டிய கருகல்
எல்லாவற்றோடும் பைக்குள் போகும்.
நாலு வருஷம். நானூற்றுச் சொச்சம் ஊசி.
மூடி போட்டாச்சு என்று
மனசுக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் கரடி வந்தது.
டால்டா வாசம் பிடித்து
முக்குக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து
தெருவின் பைகளையெல்லாம் கிழித்து நக்கியது.
ஜன்னலுக்கு ஜன்னல் செல்போன் வெளிச்சம்.
கரடியை எல்லாரும் படம் பிடித்தோம்.
விடிந்தபின் குனிந்து அள்ளியவளை
யாரும் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்துக்
கால் கிலோ வர்க்கி கேட்டாள் கனகமணி.
கட்டைவிரலில் துணி.

"என்னாச்சு?"

"ஊசி. துணிக் கையுறைதானே, அதுக்கென்ன தெரியும்.
இப்ப ஒரு டெஸ்ட் எடுத்தாச்சு,
மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணாம்.
தட்டுலயெல்லாம் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு.
இருந்தாலும் எனக்குன்னு ஒரு தட்டைத்
தனியா எடுத்து வச்சுட்டேன்."

தராசில் இரண்டு வர்க்கி அதிகம் போட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தவள்
அந்த இரண்டையும் எடுத்துத்
திரும்பத் தட்டில் வைத்தாள்.

தண்ணீர் பாட்டிலைக்கூடச்
சோதனைச்சாவடியிலேயே பிடுங்கும் மலை இது.
தேடியதில் கிடைத்தது
கழிப்பறை கழுவும் நீல பாட்டில்.
கோணல் கழுத்து, தடித்த தோல்.
கழுவிக் காயவைத்துச் சிவப்பு மையில் எழுதினேன்:
ஊசி. திறக்காதே.
முதல் ஊசி விழுந்த சத்தம்
அரிசியில் கல் தட்டுப்பட்ட மாதிரி.

தை பிறந்து இரண்டு வாரம்.
"ஒண்ணுமில்லையாம்" என்று வந்து நின்றாள்.
அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.
"அது என்னோடதா இருக்கலாம்."

சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.
"உங்களுது செவப்பு மூடி, பில் தாள் சுத்தியிருக்கும்.
இது பேனாவுல மாட்டுற பச்சை ஊசி.
இந்த வரிசையில பதினோரு வீட்டுல ஊசி இருக்கு.
யார் வீட்டம்மாவுக்குத் தெரியாம போட்டுக்கறாங்கன்னும்
எனக்குத் தெரியும்.
சொன்னதில்ல."

என்னுடையது இல்லை.
நெஞ்சில் ஒரு கதவு திறந்து காற்று வந்தது.
வந்த வேகத்தைப் பார்த்துத்தான்
தலை குனிந்தேன்.
அவள் விரலில் வெள்ளைப் புள்ளியாக
இன்னும் இருந்தது அது.

முக்கால் நிறைந்த பாட்டிலை
டேப் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.
"வீட்டுக் குப்பை வாங்கறதில்ல" என்றார் ஜன்னல்காரர்.
மறுவாரம் போனேன்.
நர்ஸ் ஹில்டா வாங்கி,
ஊசிகளுக்கென்று இருந்த வெள்ளைப் பெட்டி அருகே வைத்துக்
கையெழுத்து எதுவும் கேட்காமல்
"சுகர் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

இப்போது கடையின் ரஸ்க் டின்களுக்குப் பின்னால்,
எட்டினால் எடுக்கும் உயரத்தில்
கழுவிய பாட்டில்கள் நாலு.
பலகை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை,
கனகமணியைத் தவிர.

இன்று காலை மூன்றுதான் இருந்தன.
எடுத்தது யார் என்று நான் பார்க்கவில்லை.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.