பதினான்கு மீட்டர் சொச்சம்

மூங்கில் குச்சி சரியாக ஒரு மீட்டர்.
அதன் நிழல் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டோம். மணி பத்து இருபது.

அடுத்து தென்னையின் நிழல்.
டேப்பில் எந்த முனை பூஜ்யம் என்று
பிரனேஷுக்கும் ஆக்னஸுக்கும் சண்டை.
கொழிஞ்சாம்பாறை ஆடிக்காற்று
நோட்டுத்தாளோடு நிற்பதில்லை,
நிழலின் தலையையும் பிய்த்துப் போடும்.
ஓலை நுனி இங்கே என்பான் ஒருவன்.
இல்லை, அங்கே என்று
செருப்பைக் கழற்றி வைப்பாள் இன்னொருத்தி.
கடைசியில் ஆறு செருப்புகளுக்கு நடுவே இருந்ததை
நுனி என்று ஒப்புக்கொண்டோம்.
எட்டு மீட்டர், இருபத்தைந்து.

வகுத்தார்கள்.
பதிமூன்று புள்ளி மூன்று.
புத்தகத்தில் பாடம் இந்த இடத்தில் முடிகிறது.

"இல்லீங் டீச்சர்."
மூன்று மாதமாக ‘உள்ளேன்’ தவிர
வேறொன்றும் பேசாத விஜிஷா.
"அந்த மரம் பதினாலுக்கு மேல."

எப்படித் தெரியும் என்றதற்குப் பதில் இல்லை.
நேராக மரத்தடிக்குப் போனாள்.
படியாகக் கட்டியிருந்த தேங்காய் மட்டைகளில்
கீழே இருந்து மூன்று இடைவெளிக்கு
ஸ்கேல் வைத்தாள்.
முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்பது.
பிறகு அண்ணாந்து
ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு மட்டையாக மிதித்து
மேலே போனாள்,
கால் இரண்டும் தரையில் இருக்க.
முப்பத்தாறு.

சராசரி எடுத்துப் பெருக்கினால்
பதினான்கு புள்ளி பூஜ்யம் நான்கு.

"எங்கப்பா ஏறுற மரம்"
என்றாள், இப்போது யாரும் கேட்காமலே.
சேர்க்கைப் பதிவேட்டில்
தந்தையின் தொழில்: கூலி.

நான் பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
இந்தப் பானையை இப்படிக் கட்டினால் கேஸ்.
இந்தப் பக்கம் லைசென்ஸ்;
மரத்தின் இடுப்பில் பெயின்டில் ஒரு நம்பர்.
செய்முறை நோட்டில், ‘அளந்த பொருள்’ என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
‘தென்னை’ என்று எழுதினேன்.
விஜிஷா எட்டிப் பார்த்தாள்.
நம்பரையும் சேர்த்தேன்.

சரி, எழுபத்து நான்கு சென்டிமீட்டர் எங்கே போயிற்று?
குச்சி சாய்ந்திருக்கும் என்றார்கள்.
வாய்க்கால் வரப்பு மேடு.
டேப் தொய்வு.
பிரனேஷ்தான் எல்லாவற்றுக்கும் காரணம்
(இது ஆக்னஸ்).
சொல்லிக்கொண்டே அவள் குச்சியை மறுபடி நட்டாள்.
நிழல் ஐம்பத்தெட்டு.

பேச்சு நின்றுபோனது.
நாங்கள் சண்டை போட்ட எட்டு நிமிடத்தில்
வெயில் நான்கு சென்டிமீட்டரைத் தின்றிருந்தது.
புது நிழலுக்குப் பழைய குச்சி!
மறுபடி வகுத்தார்கள்:
பதினான்கு புள்ளி இரண்டு இரண்டு.
மீதிப் பதினெட்டு சென்டிமீட்டர்
கடைசி மட்டைக்கு மேலே நீட்டும் ஓலை
என்று தீர்மானித்தோம். கைதட்டினோம்.
சிவப்பு மையில் ‘சரி’ போட்டேன். மணி அடித்தது.

மறுநாள் அசெம்பிளிக்கு முன்பே வந்து நின்றாள்.
"தப்புங் டீச்சர். முப்பத்தேழு.
நடுவுல ஒரு மட்டை மழையில அறுந்துருச்சாம்.
அந்த எடத்துல மட்டும்
அப்பா எட்டி வெச்சு ஏறிக்கிறாராம்."

அப்படியென்றால் பதினான்கு புள்ளி நான்கு மூன்று.
நிழல் மறுபடி தோற்றது, ஓலைக் கதையும் போயிற்று.
நேற்றைய ‘சரி’யை அடித்தேன்.

அறுந்த இடத்தில் இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன்.
முப்பத்தொன்பதும் முப்பத்தொன்பதும்,
எழுபத்தெட்டு, என்று கத்தினார்கள்.
ஒரு நாளைக்கு மூன்று தடவை,
என்றாள் விஜிஷா, மெதுவாக.

யாரும் சொல்லாமலே ஆக்னஸ்
என் மேசையை அளந்தாள். எழுபத்தாறு.
பிரனேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு காலைத் தூக்கி
அதன்மேல் வைக்கப் பார்த்தான்.