ஐந்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

ஆகஸ்ட் நடுவில், முதல் பாடவேளையில்,
க்ரொய்ட்ஸ்லிங்கன் பள்ளியின் இரண்டாம் மாடியில்
வருடா வருடம் ஒரு தாள் கொடுப்பேன்:
உங்களிடம் நான் எதிர்பார்ப்பவை.
பென்சில் சீவியிருக்க வேண்டும்.
வழி காட்டாத விடைக்கு ஒரு புள்ளிதான்.
விடைக்கு அடியில் இரட்டைக் கோடு, அடிமட்டம் வைத்து.
சோதனைத் தாளை வீட்டில் காட்டி
கையெழுத்தோடு திருப்பித் தர வேண்டும்.
மொத்தம் பதினொரு விதிகள்.
பதினொன்றையும் ஜெர்மன் இலக்கணம் பிசகாமல்
எழுதியிருக்கிறேன் என்பதில்
எனக்குள் ஒரு சின்னக் கர்வம்.

முதல் சோதனை, பின்னப் பெருக்கல்.
யானிஸ் ஐந்து எடுத்திருந்தான்.
எல்லைக்கு அந்தப் புறம், கொன்ஸ்டான்ஸிலிருந்து
கோடை விடுமுறையில்தான் குடிவந்தவன்.
தாளைப் பார்த்தான். நாலாக மடித்தான்.
மடித்ததை இன்னொரு முறை மடித்தான்.
அடக்கமான பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.
(எண்ணுவது என் தொழில்.
அன்று பிழையாக எண்ணினேன்.)

அல்புலேனா மேசைக்கே வந்தாள்.
மூன்றே முக்கால். நாலு வந்தால் தேறலாம்.
"கால்தானே குறைகிறது" என்றாள்.
ஒரு கால் இல்லாதவர் நொண்டத்தானே வேண்டும்?
இரண்டு தடவை நாலுக்குக் கீழே போனால்
அடுத்த நிலைக்கு இறக்கிவிடுவோம்;
வகுப்பு என்ற சொல்லே
வகுத்தலிலிருந்து வந்ததுதானே.
ஏழாம் கணக்கை மறுபடி பார்த்தேன்.
அவள் வெட்டிவிட்ட வரிக்குள்
சரியான வழி கிடந்தது. அரைப் புள்ளி. நாலு.
துள்ளிக்கொண்டு போனாள்.
மேசைக்கு வராத பிள்ளைகளின் தாள்களில்
என்னென்ன வழிகள் கிடந்தனவோ,
நான் தேடவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்துகள் வந்தன.
யானிஸின் தாளில் தகப்பனின் பெயர்
ஒவ்வோர் எழுத்தாகத் தனித்தனியே நின்றது,
உடற்பயிற்சிக்கு வரிசையில் விட்டதுபோல.
பதினான்கு வருடமாகக் கள்ளக் கையெழுத்து
பார்த்துப் பழகியவள் நான்.
இரண்டுக்குக் கீழே போடுவார்கள்.
இரண்டரைக்குக் கீழே போடுவார்கள்.
ஐந்துக்குக் கீழே எவன் போடுவான்?

கூப்பிட்டுக் கேட்டேன். காதுமடல் சிவந்தது.
"இனிமேல் நல்லாப் படிப்பேன்" என்றான்.
"இதற்கு மேல் என்னத்தைப் படிக்கப்போகிறாய்?"
பகிடிக்குத்தான் கேட்டேன்.
அவன் அழுதான்.

அப்போதுதான் விளங்கியது.
அங்கே ஒன்றுதான் உச்சி, ஆறு பாதாளம்.
இங்கே ஆறு உச்சி, ஒன்று பாதாளம்.
நடுவில் இருந்த வேலியைக்கூடக்
கழற்றிப் பல வருடமாயிற்று.
பத்து நாளாக இந்தப் பிள்ளை
தோற்றவனாகவே பல் துலக்கி,
தோற்றவனாகவே பாண் தின்று,
ஏரிக்கரையால் சைக்கிள் மிதித்து வந்து
என் முன்னால் பென்சில் சீவியிருக்கிறான்.
பதினொரு விதிகளில் ஒன்றிலாவது
எந்த எண் நல்லது என்று
நான் எழுதியிருக்கவில்லை.
அதுவும் யார் நான்?
வாடகை மலிவென்று கொன்ஸ்டான்ஸில் குடியிருந்து
நாளுக்கு இரண்டு தரம்
அதே கோட்டைக் கடக்கிறவள்.

ஆறாம் விதிப்படி வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும்.
"உண்மையான கையெழுத்து ஒன்று வாங்கி வா" என்றேன்.
மறுநாள் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக.
தகப்பன் போட்டதைவிட
மகன் போட்டதுதான் அழகு.
அழகுக்கு விதி எதுவும் இல்லை,
புள்ளி போடாமல் விட்டேன்.

அன்று மாலை என் மகள் இளவெயினி
கதவடியிலேயே தாளை நீட்டினாள்.
சமன்பாடுகள். இரண்டு.
என் முகம் ஒரு கணம்
என்ன செய்ததோ தெரியாது.
அவள் பார்த்துவிட்டாள்.
"அம்மா, நீங்கள் இன்னும்
அந்தப் பக்கம்தான் நிக்கிறீங்கள்.
முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ."